அரைச் சென்ரிமீற்றர் தூரமும் ஆறு மணித்தியாலமும்

அக்காவின் மகள் மேற்படிப்புக்காக ரொறன்ரோ போவது முடிவான அன்று அம்மா இரண்டு கேள்விகள் கேட்டார். "எவ்வளவு தூரம் தம்பி?" என்பது முதலாவது. நான் வாய் திறப்பதற்குள், "எத்தனை மணித்தியாலம் எடுக்கும்?" என்பது இரண்டாவது. ஒன்றுக்குப் பதில் சொன்னால் மற்றதற்கும் சொன்னதாகிவிடும் என்பது அவர் நினைப்பு. அம்மாவை மட்டும் குறை சொல்வானேன், நாங்கள் எல்லோருமே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி காதில் விழுந்ததும் அக்காவின் மகன் போனைத் தட்டினான். புறப்படும் இடம் திருகோணமலை, சேரும் இடம் ரொறன்ரோ. விடை உடனே வந்தது: ஏறத்தாழ 13,900 கிலோமீற்றர், பதினாறு மணித்தியாலம். அவன் உரக்க வாசித்தான், அம்மா திருப்தியாகத் தலையாட்டினார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. திருகோணமலையின் விமானத்தளமான சீனக்குடாவிலிருந்து ரொறன்ரோவுக்கு எந்த விமானமும் போவதில்லை. இல்லாத ஒரு பயணத்துக்கு இவ்வளவு உறுதியாக நேரம் குறித்துக் கொடுக்கும் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று அன்று பின்னேரம் முழுவதும் உவர்மலை வீட்டில் வகுப்பு எடுக்க வேண்டியதாயிற்று.

வீட்டில் பழைய பூகோள உருண்டை ஒன்று இருக்கிறது. முப்பது சென்ரிமீற்றர் விட்டம். அதில் சோவியத் ஒன்றியம் இன்னும் உடையவில்லை. அது நமக்குத் தடையில்லை. அம்மா பூக் கட்டுகிற நூலில் ஒரு துண்டு வாங்கி, ஒரு முனையைக் கொழும்புக்கான விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவில் விரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை ரொறன்ரோவில் வைத்து இறுக்கி இழுத்தேன். அரபிக் கடல், ஆபிரிக்கா, அத்திலாந்திக் என்று நூல் மேற்கே போகும் என எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அது வடக்கே ஏறியது. மகாராஷ்டிரம் தாண்டி ராஜஸ்தானில் உதயப்பூருக்குப் பக்கத்தால் போய், பாகிஸ்தானைக் கடந்து, காபூலையும் சமர்கந்தையும் ஏறக்குறையத் தொட்டது. பிறகு யூரல் மலைகளின் தெற்கு முனை, ரஷ்யாவின் வெண்கடல், நோர்வேயின் வட கரையில் ட்ரொம்சோ. வட நோர்வேயின் மீன் பதனிடும் ஆலைகளில் நம்மவர்கள் பலர் வேலை பார்த்த கதை எங்கள் ஊரில் தெரிந்த கதைதான். ரொறன்ரோவுக்கு நேர்வழி அவர்களின் தலைக்கு மேலாகத்தான் போகிறது என்பது யாருக்கும் தெரியாத கதை. அங்கிருந்து நூல் 72 பாகை வடக்கு வரை ஏறி, கிறீன்லாந்தின் பனிக்கு மேலால் இறங்கி, கியூபெக் வழியாக ரொறன்ரோவில் முடிந்தது.

நூலை அளந்தால் 33 சென்ரிமீற்றர். அந்த உருண்டையில் ஒரு சென்ரிமீற்றர் என்பது ஏறத்தாழ 425 கிலோமீற்றர். பெருக்கிப் பாருங்கள், 14,000 கிலோமீற்றர் வரும். கட்டுநாயக்க விமான நிலையத்துக்கும் ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்துக்கும் இடையிலான தூரம் அதுதான். போனுக்குள் நடப்பதும் இதே நூல் வேலைதான், சூத்திரமாக. பூமியின் ஆரை 6,371 கிலோமீற்றர். இரண்டு ஊர்களின் அகலக்கோடும் நெடுங்கோடும் தெரிந்தால், பூமியின் மையத்திலிருந்து பார்க்கும்போது அவற்றுக்கிடையே எத்தனை பாகை கோணம் என்று கண்டுபிடிக்கலாம். கட்டுநாயக்கவுக்கும் ரொறன்ரோவுக்கும் அது கிட்டத்தட்ட 126 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீற்றர். விமானிகள் கிலோமீற்றரில் பேசுவதில்லை. ஒரு பாகையை அறுபதாகப் பிரித்து, ஒரு பங்கை ஒரு கடல் மைல் என்பார்கள். அது 1.852 கிலோமீற்றர். கப்பல்காரரிடமிருந்து வந்த அளவு அது, துறைமுக ஊர்க்காரருக்குப் புதிதல்ல.

உருண்டையை இரண்டு சமபாதிகளாக வெட்டும் வட்டத்துக்குப் பெருவட்டம் என்று பெயர். இறுக்கிய நூல் எப்போதும் ஒரு பெருவட்டத்தின் துண்டாகவே அமையும். அதைவிடக் குறுகிய வழி பூமியின் மேற்பரப்பில் இல்லை. வகுப்பறைச் சுவரில் தொங்கும் தட்டை வரைபடம்தான் நம் கண்ணைக் கெடுத்துவிட்டது. பூமியின் நடுக்கோட்டில் ஒரு நெடுங்கோட்டுப் பாகையின் அகலம் 111 கிலோமீற்றர். 60 பாகை வடக்கில் அது பாதியாகிவிடும். தட்டை வரைபடம் இரண்டையும் ஒரே அகலமாக இழுத்து வைத்திருக்கிறது. அந்த வரைபடத்தில் அடிமட்டம் வைத்துக் கட்டுநாயக்கவிலிருந்து ரொறன்ரோவுக்குக் கோடு போட்டால், அது சகாராப் பாலைவனத்துக்கு மேலால் போகும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு பறந்தால் 16,100 கிலோமீற்றர். நேராகத் தெரிகிற வழியில் 2,100 கிலோமீற்றர் வீண்.

பூமியை இவ்வளவு நுணுக்கமாக அளக்கும் வேலையில் நம் பக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1802இல் வில்லியம் லாம்டன் இந்தியாவின் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கியது சென்னைப் பரங்கிமலையடியில், ஏறத்தாழ 12 கிலோமீற்றர் நீளமான அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்துதான். இன்று சென்னை விமான நிலையத்தில் இறங்கும்போது சன்னல் வழியாகத் தெரியும் அதே பரங்கிமலை.

இப்போது ஒரு வேடிக்கை. நூலின் முனையைக் கட்டுநாயக்கவிலிருந்து எடுத்துத் திருகோணமலையில் வைத்தால், நூல் கொஞ்சம் மிஞ்சுகிறது. கட்டுநாயக்கவிலிருந்து ரொறன்ரோ 13,990 கிலோமீற்றர், சீனக்குடாவிலிருந்து 13,890. நாங்கள் நூறு கிலோமீற்றர் கிட்ட இருக்கிறோம். ஆக, திருகோணமலையிலிருந்து ரொறன்ரோவுக்குப் புறப்படுகிற ஒருவர் முதல் வேலையாக ரொறன்ரோவிலிருந்து நூறு கிலோமீற்றர் விலகிப் போகிறார். லண்டன் போகிறவருக்கும் இதே கதைதான், விலகும் தூரம் மட்டும் குறைவு.

சரி, கட்டுநாயக்கவிலிருந்தாவது நேரே போக முடியாதா? 14,000 கிலோமீற்றரை ஒரே மூச்சில் பறக்கும் விமானங்கள் இன்று இல்லாமல் இல்லை. சிங்கப்பூரிலிருந்து நியூயோர்க்குக்கு 15,300 கிலோமீற்றருக்கு மேல். அதற்கென்றே அமைத்த எயார்பஸ் ஏ350 ஒன்று பதினெட்டரை மணித்தியாலம் அளவில் பறந்து முடிக்கிறது. ஆனால் அது பணக்கார நகரத்துக்கும் பணக்கார நகரத்துக்கும் இடையிலான ஓட்டம். நீண்ட பறப்பில் எரிபொருளின் பாரமே பெரும் தலையிடி. போயிங் 777-300ஈஆர் விமானத்தின் உச்ச எடை ஏறத்தாழ 350 தொன். தாங்கி நிறைந்தால் எரிபொருள் மட்டும் 145 தொன். முதல் பாதியில் எரிகிற எண்ணெயில் ஒரு பகுதி, பிற்பாதிக்கான எண்ணெயைச் சுமப்பதற்காகவே எரிகிறது. வைக்கோல் ஏற்றிய வண்டியை இழுக்கும் மாடு வழிநெடுக அந்த வைக்கோலையே தின்றுகொண்டு போவது போன்றது இது. தூரம் கூடக்கூட, சந்தையில் போய் இறக்குவதற்கு மிஞ்சும் வைக்கோல் குறையும். ஸ்ரீலங்கன் விமான சேவையின் பெரிய விமானங்கள் எயார்பஸ் ஏ330 வகை. லண்டனுக்கு 8,700 கிலோமீற்றர், மெல்பேர்ணுக்கு 8,350 கிலோமீற்றர். இரண்டுக்கும் அவை நேராகப் போகும். இருக்கை நிறைந்த ஆட்களோடு ரொறன்ரோ அவற்றின் எட்டுக்கு அப்பால்.

அதனால்தான் டுபாய், தோஹா, அபுதாபி என்று இடையில் ஒரு தரிப்பு. "சுற்றிக்கொண்டு போகிறார்கள்" என்று எல்லோரும் அலுத்துக்கொள்வார்கள். நானும் அலுத்துக்கொண்டவன்தான், கணக்குப் போட்டுப் பார்க்கும்வரை. கட்டுநாயக்க - டுபாய் 3,290 கிலோமீற்றர். டுபாய் - ரொறன்ரோ 11,080. கூட்டினால் 14,370. நேர்வழியைவிட வெறும் 380 கிலோமீற்றர் அதிகம். விமானத்துக்கு அது அரை மணித்தியாலம்கூட இல்லை. வளைகுடா விமான நிலையங்கள் இவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்குப் பணம் ஒரு காரணம் என்றால், இந்த இருப்பிடம் இன்னொரு காரணம். நம் பக்கத்திலிருந்து மேற்கே போகும்போது அவர்களின் வாசலுக்கு ஒதுங்கிப் போவதால் கூடும் தூரம் கொஞ்சம்தான்.

தூரம் இத்தோடு முடிந்தது. நேரம்தான் பிடிகொடாத சாமான்.

பெரிய ஜெட் விமானம் ஒன்று பதினோரு கிலோமீற்றர் உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும். போனில் வரும் கணக்கு என்ன செய்கிறது என்றால், தூரத்தை ஏறக்குறைய அந்த வேகத்தால் வகுத்து, ஏறி இறங்குவதற்கென்று அரை மணித்தியாலத்தைக் கூட்டிக் கொடுத்துவிடுகிறது. அந்த 900 என்பது காற்றுக்குள் விமானத்தின் வேகம் என்பதை அது கண்டுகொள்வதில்லை. காற்றே ஓடிக்கொண்டிருந்தால்?

திருகோணமலைக் கடற்றொழிலாளர் யாரிடம் கேட்டாலும் சொல்வார், கச்சான் காற்றுக்கு எதிரே வள்ளம் ஓட்டுவதும் அதோடு சேர்ந்து ஓட்டுவதும் ஒன்றல்ல என்று. மேலேயும் அதேதான், அளவுதான் பயங்கரம். வட அரைக்கோளத்தின் நடுப்பகுதிகளுக்கு மேலே, விமானம் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது. குளிர்காலத்தில் அது மணிக்கு 200 கிலோமீற்றரைத் தாண்டுவது சாதாரணம். 2020 பெப்ரவரியில் ஒரு புயலின்போது நியூயோர்க்கிலிருந்து லண்டனுக்கு வந்த பயணிகள் விமானம் ஒன்று ஐந்து மணித்தியாலத்துக்குள் இறங்கிவிட்டது. வழக்கமாக ஆறரை, ஏழு எடுக்கும் பாதை அது. டுபாயிலிருந்து ரொறன்ரோ போகும்போது பதினான்கு மணித்தியாலம் அளவில் ஆகும் பறப்பு, திரும்பி வரும்போது ஒரு மணித்தியாலத்துக்கு மேல் குறைந்துவிடுவது இதனால்தான். லண்டனிலிருந்து கொழும்பு வருவதும் அப்படியே. "ஊருக்கு வரும்போது கெதியாய் வந்துவிடுகிறது, திரும்பிப் போகும்போதுதான் போகப் போக முடிவதில்லை" என்று லண்டன்காரர்கள் சொல்வதில் ஊர்ப்பாசம் பாதி, காற்று பாதி.

நம் தலைக்கு மேலே இன்னொரு விந்தை இருக்கிறது. ஜூன் தொடக்கம் செப்டெம்பர் வரை கச்சான் வீசும் காலம். மேற்கிலிருந்து வந்து, மலைநாட்டில் ஈரத்தை இறக்கிவிட்டு, நமக்குச் சூட்டையும் புழுதியையும் மட்டும் கொண்டுவரும் காற்று. அதே மாதங்களில், அதே வானத்தில், பதினைந்து கிலோமீற்றர் அளவு உயரத்தில் நேரெதிராகக் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது. இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம் 1950களில் அதைக் கண்டு விளக்கினார். தீபெத்து மேட்டுநிலமும் வட இந்தியாவும் வெயிலில் காய, அங்கே மேலெழும் காற்று உயரத்தில் பரந்து தெற்கே வரும்போது பூமியின் சுழற்சியால் மேற்கே திரும்பிவிடுகிறது. விமானம் பறப்பது அதன் உச்ச ஓட்டத்துக்குச் சற்றுக் கீழே என்றாலும் அதன் கை அங்கேயும் எட்டும். ஆகவே ஜூலையில் மேற்கே போகும் பயணிக்கு முதல் கட்டத்தில் காற்று முதுகில் தள்ளும். வளைகுடா தாண்டி வடக்கே ஏறியதும் அதே பயணியின் முகத்தில் அடிக்கும். வீட்டு முற்றத்தில் கச்சான் ஓலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் மேலே காற்று எதிர்த்திசையில் ஓடுகிறது என்று சொன்னபோது அம்மா நம்பவில்லை. நம்பாதது நியாயம்தான்.

காற்றுக்கு அடுத்தது எல்லைகள். நூலுக்கு எல்லை தெரியாது. டுபாயில் ஒரு முனையும் ரொறன்ரோவில் மறுமுனையுமாக இழுத்தால் நூல் ஈரானைக் கடந்து, உக்ரேனின் கீவ் நகரத்துக்கு மேலாகவே போகிறது. 2022 பெப்ரவரி 24 முதல் அந்த வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. அதே நாட்களில் ரஷ்யா ஒருபுறமும் கனடாவும் ஐரோப்பிய நாடுகளும் மறுபுறமுமாக, ஒரு தரப்பின் விமானங்களுக்கு மற்றத் தரப்பு வானத்தைச் சாத்திக்கொண்டது. 2025 ஜூனில் இஸ்ரேல் - ஈரான் மோதலின்போது ஈரான், ஈராக் வான்வெளிகள் மூடப்பட, வளைகுடாவிலிருந்து வடக்கே போகும் விமானங்கள் எல்லாம் இடுக்கு வழிகளில் நெரிந்தன. எங்கோ சண்டை என்றால் நம் பிள்ளையின் பயணத்தில் நாற்பது நிமிடம் கூடும். நெரிசலில் வானம் பஸ் பாதையைவிடத் திறம் என்று சொல்வதற்கில்லை.

இன்னொன்று, டிக்கெட்டில் அச்சடித்திருக்கும் நேரம் பறக்கும் நேரம் அன்று. விமானம் தரிப்பிடத்தை விட்டு அசைந்த நொடியிலிருந்து மற்ற ஊரில் தரிப்பிடத்தில் நிற்கும் நொடி வரைக்குமான நேரம் அது. ஓடுபாதைக்கு வரிசையில் காத்து நிற்பதும் இறங்குவதற்கு முன் வானத்தில் வட்டமடிப்பதும் அதற்குள் அடக்கம். விமான சேவைகள் இதில் கொஞ்சம் தாராளமாகவே கூட்டிப் போடுகின்றன. பிந்தினாலும் நேரத்துக்கு வந்ததாகக் காட்டலாம் அல்லவா.

ஒரு காலத்தில் இதே தீவிலிருந்து நட்சத்திரம் பார்த்து வழி பிடித்துப் பறந்தார்கள். 1943 முதல் 1945 வரை, ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், காலிக்கு அருகே கொக்கலையிலிருந்து அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரத்துக்கு கட்டலினா என்ற நீர்விமானங்கள் ஓடின. அந்த வகை விமானங்கள் நம் சீனக்குடாவிலும் நின்றிருக்கின்றன. 5,650 கிலோமீற்றரை ஒரே பறப்பில் கடக்க 27 முதல் 33 மணித்தியாலம் வரை எடுத்தது. ஏற்றியது அதிகம்போனால் மூன்று பயணிகளும் கொஞ்சம் தபாலும். பேசினால் எதிரிக்குக் கேட்கும் என்பதால் வானொலி மௌனம். ஒரே பறப்பில் இரண்டு தடவை சூரியன் உதிப்பதைப் பார்ப்பதால் 'இரட்டைச் சூரியோதயம்' என்று அந்தப் பறப்புக்குப் பெயர் வந்தது. எதிர்க்காற்று கூடினால் ஆறு மணித்தியாலம் கூடியது, அவ்வளவுதான்.

சூரியன் உதிப்பது என்றதும் மணிக்கூட்டுக்கு வருவோம், டிக்கெட்டைப் பார்த்து எல்லோரும் தடுக்கி விழும் இடம் அது. அக்காவின் மகளுக்குக் கிடைத்த பயணத் திட்டம் இது: இரவு 10.05க்குக் கட்டுநாயக்கவில் புறப்பாடு, நள்ளிரவு தாண்டி 1.10க்கு டுபாய், அங்கே 3.30க்குப் புறப்பாடு, காலை 9.30க்கு ரொறன்ரோ. அம்மா விரல் விட்டு எண்ணினார். "பதினொன்றரை மணித்தியாலம்கூட இல்லையே!" நேரங்கள் எல்லாம் அந்தந்த ஊர் நேரம் என்பதுதான் சூட்சுமம். டுபாய் நம்மைவிட ஒன்றரை மணித்தியாலம் பிந்தியது. ஆகவே முதல் பறப்பு மூன்று மணி ஐந்து நிமிடம் போலத் தெரிந்தாலும் உண்மையில் நான்கு மணி முப்பத்தைந்து நிமிடம். ரொறன்ரோ கோடைகாலத்தில் நம்மைவிட ஒன்பதரை மணித்தியாலம் பிந்தியது, நவம்பரில் மணிக்கூட்டைத் திருப்பியதும் பத்தரை. இரண்டாவது பறப்பு ஆறு மணித்தியாலம் போலத் தெரியும், உண்மை பதினான்கு. இடையில் டுபாயில் இரண்டு மணி இருபது நிமிடம். எல்லாம் கூட்டினால் இருபது மணி ஐம்பத்தைந்து நிமிடம்.

நேர வித்தியாசம் என்றால் அம்மாவுக்கு வேறொரு நினைவு வரும். 1996இல் அரசாங்கம் இலங்கையின் மணிக்கூட்டை முன்னே தள்ளி வைத்தது. 2006 ஏப்ரலில்தான் அது பழையபடி, கிறீனிச் நேரத்தைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்திய நேரத்துக்குத் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்தையே வைத்திருந்தன. கல்யாண முகூர்த்தத்தை "பழைய நேரமா, புதிய நேரமா" என்று கேட்டுக் குறித்த நாடு இது. டுபாய் நேரம் எங்களுக்கு ஒரு பொருட்டா.

ஆனால் இந்த இருபது மணி ஐம்பத்தைந்து நிமிடமும் முழுக்கணக்கு அன்று. பயணம் தொடங்குவது உவர்மலையில்; முடிவது ரொறன்ரோவின் ஸ்காபரோவில் மாமாவின் வீட்டுப் படியில். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு இங்கே வான் வண்டியில் ஏறினால், அங்கே குடிவரவு, பெட்டி, வாகன நெரிசல் எல்லாம் கழித்து மறுநாள் முற்பகல் பதினொன்றரைக்கு வீடு. இரண்டு மணிக்கூடுகளைப் பார்த்தால் ஒரு நாள்கூட ஆகவில்லை. உடம்புக்குத் தெரியும், முப்பத்து மூன்று மணித்தியாலம். அதில் விமானத்தில் இருந்தது பதினெட்டு மணி முப்பத்தைந்து நிமிடம். மீதிப் பதினான்கு மணித்தியாலச் சொச்சம் தரையில் போனது. அந்தத் தரைநேரத்திலும் பத்து மணித்தியாலம், விமானம் இலங்கையை விட்டு எழுவதற்கு முன்பே கழிந்துவிட்டது.

மறுபடியும் உருண்டைக்கு வாருங்கள். டுபாயிலிருந்து ரொறன்ரோ 26 சென்ரிமீற்றர் நூல், பதினான்கு மணித்தியாலம். திருகோணமலையிலிருந்து கட்டுநாயக்க? நேர்கோட்டில் 208 கிலோமீற்றர், அரைச் சென்ரிமீற்றர். நூலே தேவையில்லை, நகத்தால் மூடிவிடலாம். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று வான் வண்டியில் போக ஐந்து தொடக்கம் ஆறு மணித்தியாலம். இரவு என்றால் ஹபரணைப் பக்கம் யானைக்கும் பயந்து மெதுவாகப் போக வேண்டும். ரயிலில் கொழும்புக்கு ஏறத்தாழ எட்டு மணித்தியாலம், பிறகு அங்கிருந்து கட்டுநாயக்கவுக்கு வேறு. ரொறன்ரோ பயணத்தை எங்கே சுருக்கலாம் என்று யாராவது உண்மையாகக் கேட்டால், என் விரல் இந்த அரைச் சென்ரிமீற்றரைத்தான் காட்டும். விமானத்தின் வேகம் கடந்த ஐம்பது, அறுபது ஆண்டுகளில் கூடவே இல்லை. இனிமேலும் பெரிதாகக் கூடப் போவதில்லை. சுருக்குவதற்கு இடம் இருப்பது இங்கேதான்.

சீனக்குடாவில் ஓடுபாதை இருக்கிறது, ஏறத்தாழ 2,400 மீற்றர். பிரித்தானியர் போட்டு, 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியர் குண்டு போட்ட இடம். இன்று விமானப்படையின் கையில் இருக்கிறது. உல்லாசப் பயணிகளை ஏற்றும் சிறு விமானங்களும் வந்து போகும். கட்டுநாயக்கவின் ஓடுபாதை 3,350 மீற்றர். வெப்பமான காற்று அடர்த்தி குறைந்தது, அதில் விமானம் எழ அதிக ஓட்டம் வேண்டும். எண்ணெய் நிறைத்த பெரிய விமானத்துக்கு நம் ஓடுபாதை போதாது. விந்தை என்னவென்றால், பாதைக்குப் பக்கத்திலேயே பிரித்தானியர் கால எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி அவற்றில் 14 இந்திய நிறுவனத்துக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டு முயற்சிக்கு. எண்ணெய்க்கு இவ்வளவு இடம் ஒதுக்கத் தெரிந்த ஊரில், எண்ணெய் குடிக்கும் வாகனம் வந்து நிற்க இடம் இல்லை.

சீனக்குடா சர்வதேச விமான நிலையமாக வேண்டும் என்று தேர்தல் காலப் பேச்சில் காதில் விழும். ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் நேரே ஏறுகிற கனவு என்றால் அதை விட்டுவிடலாம். அதற்கு ஓடுபாதை நீண்டால் மட்டும் போதாது, தினமும் முந்நூறு இருக்கை நிறைய வேண்டும். ஆனால் சென்னை வேறு கதை. சீனக்குடாவிலிருந்து சென்னை 507 கிலோமீற்றர்தான். ஏடிஆர்-72 போன்ற எழுபது இருக்கை விமானத்துக்கு 1,400 மீற்றர் ஓடுபாதை போதும், நம்மிடம் இருப்பதோ அதைவிட ஆயிரம் மீற்றர் அதிகம். யாழ்ப்பாணத்தின் பலாலி 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னைப் பறப்பு தொடங்கியது. இடையில் நின்றாலும் 2022 டிசம்பரில் மறுபடி ஆரம்பித்தது. அங்கே ஓடிய விமானமும் இந்த வகைதான். இன்று ஒரு திருகோணமலைக்காரர் சென்னை ஆசுபத்திரிக்குப் போவதென்றால் வடக்கே பலாலிக்கோ தெற்கே கட்டுநாயக்கவுக்கோ அரை நாள் வீதியில் கிடக்க வேண்டும், பிறகு ஒன்றரை மணித்தியாலத்துக்கும் குறைவான பறப்பு. அதேபோல, கட்டுநாயக்கவுக்குச் சாதாரண மனிதர் கொடுக்கக்கூடிய விலையில், கனடாவுக்கு வழக்கமாக விடும் இரண்டு 23 கிலோப் பெட்டிகளையும் ஏற்றக்கூடிய ஒரு விமானம் இருந்தால், ஆறு மணித்தியாலம் ஒரு மணித்தியாலத்துக்குள் அடங்கும். பெருவட்டத்தில் எந்த வித்தை செய்தும் அவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்த முடியாது.

இத்தனையும் நான் சொல்லி முடித்த நேரம், அக்கா பேசி வைத்திருந்த வான் சாரதி நாளும் நேரமும் கேட்க வந்தார். உருண்டையும் நூலும் மேசையில் கிடந்ததைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. "பிளேன் எத்தனை மணிக்கு?" என்றார். பத்து ஐந்து என்றோம். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு பின்னோக்கி எண்ணினார்: மூன்று மணித்தியாலம் முன்னே நிற்க வேண்டும், ஏழு. குருநாகலில் பின்னேரப் பள்ளிக்கூட வாகனம், ஒரு அரை மணித்தியாலம் கூட. தம்புள்ளையில் தேத்தண்ணீர். வழியில் பிள்ளைக்குச் சத்தி வந்தால் அதற்கும் ஒரு பத்து நிமிடம்.

"பன்னிரண்டுக்குள் பெட்டிகளை ஏற்றிவிட வேண்டும் ஐயா," என்றார். "கோவிலுக்குப் போவதென்றால் காலையிலேயே போய்விட்டு வாருங்கள்."